கருப்பையாவின் பச்சைக் கோப்பை

மடுல்சீமைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷன் பெருமக்களுக்கு ஓர் அறிவித்தல். தங்கராசு அண்ணன் டீக்கடை வாசலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பச்சை எனாமல் கோப்பை, நேற்று மாலையோடு பணி ஓய்வு பெற்றது.

அதில் குடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் செத்துப்போனார். கருப்பையா. மூன்று நாள் காய்ச்சல், பதுளை ஆஸ்பத்திரி... அவ்வளவுதான்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லயத்து வீடுகளின் சாக்கடைக் கான், கக்கூஸ் எல்லாம் கழுவி, வாசல் கூட்டியவர். அறுபது தாண்டிய மனுஷனை நண்டு சிண்டுகள்கூட "ஏய் கருப்பையா" என்றுதான் கூப்பிடும். நானும்தான். அவர் எங்களை "வாங்க தம்பி, போங்க தம்பி" என்பார்.

கடையில் மொத்தம் ஏழு பச்சைக் கோப்பை. ஒரே செட். ஆறு உள்ளே, அவருடையது வெளியே. அதன் அடியில் மட்டும் ஆணியால் கீறிய ஒரு பெருக்கல் குறி. தப்பித்தவறி மற்றதோடு கலந்துவிடக் கூடாதாம்.

கூட்டுகிற ஆளுக்குப் பெருக்கல் குறி போட்ட ஒரே கணக்கு வாத்தியார் எங்கள் தங்கராசு அண்ணன்தான்.

போன வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வெட்டியாகத் திரிந்த நேரம். அண்ணன் விறகு எடுக்கப் பின்னால் போன கேப்பில், உள்ளே இருந்த ஆறிலும் அதே குறியைக் கீறினேன். வெளியே தொங்கியதை உள்ளே வைத்து, உள்ளே இருந்த ஒன்றை ஆணியில் மாட்டினேன்.

இன்றுவரை என்னுடைய பெஸ்ட் ப்ராங்க். வாட்ஸ்அப் குரூப்பில் "சமத்துவப் புரட்சி" என்று நானே பெயரும் வைத்தேன். பயல்கள் இப்போதும் என்னைத் தோழர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மறுநாள் காலை பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் டீ குடிக்க வந்தார்கள். ஒருத்தர் அண்ணாந்து கடைசி மடக்கைக் குடித்தபோது எதிரே இருந்தவர் அடியைப் பார்த்துவிட்டார்.

"டேய், அது கருப்பையா கோப்பைடா!"

"மொதல்ல ஒன்னோடதத் திருப்பிப் பாருடா!"

எல்லோரும் திருப்பினார்கள். ஒருத்தர் தொண்டையில் விரல் விட்டு வாந்தியே எடுத்தார். நான் ரொட்டி அடுக்கும் பாண் பெட்டிக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"நேத்து யாருடா கடையில நின்னது?" அண்ணன் என்னைத்தான் கேட்டார்.

"கருப்பையாதான் நின்னான்" என்றேன்.

இந்தப் பகுதியை குரூப்பில் போடவில்லை.

அந்த நேரம் பார்த்து கருப்பையா டீக்கு வந்தார்.

"எங்களோட சரிசமமா குடிக்க ஆச வந்துருச்சோ?" அண்ணன் கையை ஓங்கினார்.

"சத்தியமா நான் தொடலீங்க ஐயா..."

முதல் அறையில் தலைத் துண்டு விழுந்தது. இரண்டாவதில் அவரே விழுந்தார்.

ஏழு கோப்பையையும் கானில் எறிந்தார்கள். அந்தக் கானை அள்ள வேண்டியதும் அவர்தான். அள்ளினார். ஒன்றைக் கழுவி, பழையபடி ஆணியில் மாட்டினார். அதுதான் தன்னுடையதா என்று அவருக்கே தெரியாது.

கடைக்குப் புதுக் கண்ணாடி கிளாஸ் வந்தது. அவருக்கு அதே ஆணி.

போய் வாங்க, கருப்பையா தாத்தா. தாத்தா என்று சொல்வது இதுதான் முதல் தடவை. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்ற தைரியம்.

ஒன்று சொல்லவில்லை... இன்று காலை சாவு வீட்டுக்குப் போனேன். அவர் மகள் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். கிளாஸை வாங்கியதும் என் கை தானாக அதைத் தூக்கி அடியைப் பார்த்தது.

அந்த அக்கா பார்த்துவிட்டார்.

"எங்க வீட்டுது இல்லீங்க தம்பி. வர்றவுங்களுக்காக மேல் லயத்துல கேட்டு வாங்கிட்டு வந்தது. குடிங்க."

அதற்கப்புறம்தான் குடித்தேன்.