இரண்டு வண்டி இடம்

பள்ளி வேன் ஓட்டுகிற தொழிலில் மலைப்பாதைகூடப் பழகிவிடும், குடியிருப்புத் தெரு மட்டும் பழகாது. இதைப் படிக்கிற வேன்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு தெரு வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது கம்பத்தில், நான் குடியிருக்கிற தெருவேதான். இரண்டு பக்கமும் வண்டிகள். நடுவே போனால் என் வேனின் கண்ணாடிகளை மடக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றி இறக்கி ரோட்டைக் கடக்கவைப்பது, அதே தெருவில் குடியிருக்கிற பாண்டியம்மாள் அக்கா. எனக்குக் குரல் எழும்பாது. எனக்கும் சேர்த்து அவர் சத்தம் போடுவார். திருப்பத்தில் இரண்டு வண்டி இடம் காலியாகக் கிடந்தால், பிள்ளைகள் கடப்பது வருகிறவன் கண்ணில் படும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

வாசல் கல்

கார் வெளியே போனால் இடம் பறிபோகாமலிருக்க, வீட்டுக்கு வீடு ஏதாவது காவல் வைத்திருப்பார்கள்: பழைய டயர், மண் நிரப்பிய பெயிண்ட் டப்பா, உடைந்த ஆட்டுரல். ஒரு நாள் யூகேஜி பையன் ஆட்டுரலில் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். அந்த வீட்டு அம்மாவே ஓடி வந்து வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்தார். கல்லை உள்ளே எடுத்து வையுங்கள் என்று மெல்லக் கேட்டேன்.

“கல்ல எடுத்தா எதுத்த வீட்டுக்காரவுக வண்டிய விட்டுருவாகப்பா. இது பால்பல்லுதான, மொளச்சுரும்.”

சுண்ணாம்புக் கட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் திருப்பத்தில் சுண்ணாம்பால் பெரிய கட்டம் போட்டோம், உள்ளே யாரும் வண்டி நிறுத்தக்கூடாது என்று. வீடு வீடாகப் போய்ச் சொல்லக் கூச்சப்பட்டு, பார்த்தால் புரியும் என்று விட்டுவிட்டேன். என் தப்பு. மறுநாள் காலையில் கட்டத்துக்குள், நாலு சக்கரமும் கோட்டைத் தொடாமல், ஒரு கார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஜெயராஜ் சாருடையது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல காரியம் செஞ்ச தம்பி. எதுத்தாப்லயும் இதே மாதிரி ஒண்ணு போட்டுரு, எம் மருமகன் வண்டி வருது.”

நாலரை மணி

திருப்பத்தில் மிச்சமிருந்த இடம் ஜீப்புக்குப் போனது. அதை ஓட்டுகிற முருகேசன் அண்ணன் விடியுமுன் கூலிவேலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே, கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவார். அவர் திரும்பி வந்து நிறுத்துவதும் நான் பிள்ளைகளை இறக்குவதும் ஒரே நாலரை மணி. ஜீப்பின் மூக்கைத் தாண்டித் தலையை நீட்டினால்தான் வண்டி வருவது தெரியும். முதலில் நீட்டுவது அக்காவின் தலை.

கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்றேன். அண்ணன் கோபப்படவில்லை. இடுப்பைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்த பெண்களைக் காட்டினார்.

“காலையிலருந்து குனிஞ்சு காய் எடுத்தவுக. இவுகளும் பிள்ளைகளுக்கு ஆத்தாதானப்பா. எங்கன இறக்கிவிடச் சொல்ற?”

மூன்றாவது பிள்ளை

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பிள்ளைகள் கடந்துவிட்டார்கள். மூன்றாவது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா ஜீப்பைத் தாண்டினார். பைக் வருவது வேனின் உயரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. கத்தினேன். அது எனக்கே கேட்கவில்லை. ஹாரனில் கை வைப்பதற்குள் அக்கா பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. முருகேசன் அண்ணனும் நானும் ஸ்ட்ரெச்சரைத் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே போனோம். அக்கா கண்ணைத் திறந்து என்னைத்தான் திட்டினார்.

“இங்கன என்னலே பண்ற? வேன்ல பிள்ளைக தனியா இருக்குல்ல!”

வழி

மூன்றாம் நாள் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் உடலைக் கொண்டுவந்தார்கள். அதற்குள், யாரும் கேட்காமலே, தெருவில் ஒரு வண்டி இல்லை. முருகேசன் அண்ணன் அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. தெருமுனையில் நின்று, வந்த வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். துக்கத்துக்கு வந்த ஒருவர், பைக்கை மட்டும் ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். அண்ணன் விடவில்லை.

“இங்கன ஒரு வண்டி நிக்கப்படாது. அக்கா வாராகல்ல, வழி வேணும்.”

செத்தவருக்கு வழிவிட எங்கள் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுவாரமே எல்லா வண்டியும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது, ஜீப்பைத் தாண்டி முதலில் தலையை நீட்டுகிற வேலை மட்டும் எனக்கு வந்திருக்கிறது.