கம்பியை வெட்டியவள்

அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் அவளை யாருக்கும் பிடிக்காது. பயிற்சியாளர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘ஸ்பேனர்’. காலையில் கதவைத் திறந்ததும் பதினோரு இயந்திரங்களின் திருகுகளையும் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவாள். முதலாளி அவளுடைய அக்கா கணவர். அக்கா கெஞ்சியதால் மேற்பார்வை வேலை கொடுத்தார். அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

ஒரு திங்கட்கிழமை, தலைக்கு மேலிருந்து தடியை இழுக்கும் இயந்திரத்தில் கம்பியின் உறை கிழிந்து, உள்ளே நான்கைந்து இழைகள் விட்டுப்போயிருந்தன. ‘பழுது, தொடாதீர்கள்’ என்று அட்டை மாட்டினாள். சற்று நேரத்தில் அட்டை குப்பைக்கூடையில் கிடந்தது. மறுபடி மாட்டினாள்; மறுபடி காணோம். மூன்றாம் முறை கையும் களவுமாகப் பிடித்தாள். மூத்த பயிற்சியாளர்.

“என் கிளாஸ் நேரத்துல மெஷினை மூடுறதுக்கு நீ என்ன இன்ஜினியரா?”

“கம்பி அறுந்தா தடி பிடரியிலதான் இறங்கும்.”

“இதையேதான் தினமும் சொல்ற. இதுவரைக்கும் யாரு செத்தா?”

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். “வாயை மூடிக்கிட்டு போய் பாயைத் துடை. அடுத்த மாசம் மாத்திக்கலாம்.”

“அதுவரைக்கும் யாரும் உக்காரக் கூடாது மாமா.”

“உன்னை வேலைக்கு வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

இதற்குள் ஓர் அம்மாள் அந்த இருக்கையில் உட்கார்ந்து தடிக்குக் கை நீட்டிவிட்டார். அவள் கருவிப் பெட்டியிலிருந்து வெட்டுக்குறட்டை எடுத்து வந்தாள்.

“எந்திரிங்கம்மா.”

அவர் முறைத்தபடி எழுந்தார். அவள் பலம்கொண்ட மட்டும் அழுத்திக் கம்பியை வெட்டினாள். இரும்புத் தடி காலி இருக்கையில் விழுந்து மெத்தையைக் கிழித்தது.

“வெளிய போ,” என்றார் முதலாளி.

பேருந்தில் அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

இரண்டே நாளில் அங்கே புதுக் கம்பி மாட்டினார்கள். அவள் செய்தது சரி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. “அவர் மூஞ்சியில கரியைப் பூசிட்டியே” என்று சொன்ன அக்கா, இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் வீட்டுக்கே வந்தாள்.

“எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டா திரும்ப சேத்துக்குறாராம்.”

“அந்தம்மா கழுத்து நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு மன்னிப்பு?”

அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இவள் தடுக்கவில்லை.