முதல் பக்கம் கேட்பவர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் சுவரெல்லாம் ஆடியாக இருக்கும். தெரு வளைவிலிருந்த அந்தக் கடையும் அப்படித்தான். நடுப்பகலில் எதிர்வீட்டு மாடிச் சன்னலில் பட்டுத் திரும்பிய வெயில், அடுக்கடுக்காக மாட்டியிருந்த வெறும் சட்டங்களுக்குள் புகுந்து, சுவரில் சிறு சிறு ஒளிவளையங்களாக மிதக்கும். அந்த வேளையில் உள்ளே வருபவர்கள் ஏதோ ஒரு குளத்தின் அடியில் வந்து நிற்பதுபோல் உணர்ந்து, தம்மையறியாமலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அங்கே, வெள்ளை மேலங்கி அணிந்து, சிறுவர் நாவல் ஒன்றில் முகம் புதைத்து அமர்ந்திருக்கும் பெண்மணிக்குத் தெருப் பிள்ளைகள் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் அத்தை.

மருத்துவர் எழுதித் தரும் அளவின்படி வில்லையைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, காதுக்கும் மூக்குக்கும் இசைய வளைத்துத் தருவது அவர் தொழில். அது பல கடைகளில் நடப்பதே. ஆனால் பிள்ளைகளுக்குப் புதுக்கண்ணாடி மாட்டியதும் அவர் செய்த காரியம் வேறெங்கும் இல்லை. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை அவர் காட்டுவதில்லை. புதிதாக வந்த சிறுவர் நாவல் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தை விரித்துக் கையில் கொடுத்து, “படி, கேட்போம்” என்பார்.

“எழுத்து தெரியுதான்னு பாக்குறதுக்கு அட்டை போதும். எழுத்து மறையணும். மறைஞ்சு, அதுக்குப் பின்னாடி இருக்கிற ஆளு தெரியணும். அப்பதான் கண்ணாடி சரி” என்பது அவர் கொள்கை.

பிள்ளைகள் தடுமாறாமல் படித்து, சொல்லாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினால் வில்லையும் தேறியது, புத்தகமும் தேறியது. இந்தச் சோதனைக்காக வாங்கத் தொடங்கிய புத்தகங்களைத் தாமே முழுவதும் படித்துவிடும் வழக்கம் அவரிடம் எப்போது ஒட்டிக்கொண்டது என்று அவருக்கே நினைவில்லை. ஐம்பதைக் கடந்த வயதில், பத்து வயதுக்காரர்களுக்கும் பதினாறு வயதுக்காரர்களுக்கும் எழுதப்பட்ட கதைகளுக்குள் அவர் நாள்தோறும் போய்வந்தார். கோயிலுக்குப் போய்வருவதைப்போல என்று எழுதக் கை வருகிறது. மிகையன்று, அந்த முகத்தில் அத்தகைய அமைதி இருந்தது.

அமைதி முகத்தில்தான். கருத்துச் சொல்லத் தொடங்கினால் கடை அதிரும். அதற்குச் சரியான எதிராளி அவருடைய அண்ணன் மகள். ஒரு நிறுவனத்தில் தொலைபேசி வழியாக வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்கும் வேலை அவளுக்கு. விடுமுறைதோறும் கடைக்கு வந்து, மேசையின் மறுபுறம் அமர்ந்து, அத்தையோடு வாதம் செய்வாள்.

“இந்தக் கதைங்கள்ல அம்மாவா மட்டும் பொறக்கவே கூடாதுடி. முதல் அத்தியாயம் முடியறதுக்குள்ள கொன்னுடறாங்க. நாயா இருந்தாலாவது கடைசி அத்தியாயம் வரைக்கும் விட்டு வெப்பாங்க.”

“அம்மா இருந்தா அந்தப் பிள்ளையை வீட்டை விட்டு வெளிய விடுவாங்களா அத்தை? சாகசம் எப்படிப் பண்ணும்?”

“அம்மாவை ஏமாத்திட்டுப் போறதைவிடப் பெரிய சாகசம் எது?”

பதின்பருவத்தாருக்கான நாவல்கள்மேல் அவருக்குக் குறை மிகுதி. கதாநாயகிக்காக இரண்டு இளைஞர்கள் காத்திருப்பார்கள். ஒருவன் கனிவானவன், மற்றவன் எப்போதும் கடுகடுப்பவன். அவள் தவறாமல் கடுகடுப்பவனையே தேர்ந்தெடுப்பாள். “மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கிறவனைக் கட்டிக்கிட்டா, காலம் முழுக்க நாமதான் அதை இறக்கி வெக்கணும்” என்பார். ஒரே கதையை மூன்று பாகமாக வெட்டி, நடுப்பாகம் முழுவதும் பாத்திரங்களை நடக்கவிடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. கிட்டப்பார்வை உள்ள பெண்ணொருத்தி கண்ணாடி உடைந்ததும் கையிலுள்ள கடிதத்தைப் படிக்க முடியாமல் தவிப்பதாக எழுதிய ஒருவரை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. “கிட்டப்பார்வைக்குக் கிட்ட இருக்கிறது நல்லாவே தெரியும்! எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடிக்கடைக்காரியைக் கேட்டிருக்கலாம்ல?”

ஆனால், அழகாவதற்காகக் கடைசி அத்தியாயத்தில் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் பெண்கள் இப்போதைய கதைகளில் குறைந்துவிட்டதை அவர் நன்றியோடு குறித்துக்கொண்டார். எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு எழுதுபவர்களே துணிந்தவர்கள் என்பதும் அவர் முடிவு. உலகத்தைக் காப்பாற்றும் வேலையெல்லாம் அவர்களிடம் இல்லை. இரண்டு தோழிகள் பேசாமலிருக்கும் ஒரு வாரத்தை ஒரு போரைவிடப் பெரிதாக எழுதிக் காட்டுவார்கள். வரிகளை உடைத்துப் பாட்டுப்போல் அச்சிட்ட நாவல்களை முதலில் அவர் நம்பவில்லை. பிறகு அப்படியொன்றில், துயருற்ற ஒரு சிறுவன் பேசும் பக்கம் வெறுமையாகக் கிடக்க, நடுவில் ஒரேயொரு சொல் நின்றதைக் கண்டார். பழந்துதிகளில் இறைவன் பெயரை உச்சரிக்குமுன் நாவு ஒரு கணம் தயங்குமே, அந்தத் தயக்கத்தை அந்த வெள்ளைத்தாளில் கேட்டு, நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் அண்ணன் மகள் ஒருநாள் தாள்கட்டு ஒன்றை நீட்டினாள். விடியற்காலைகளில் எழுந்து அவள் எழுதிய நாவல். அடுத்தடுத்த இரண்டு வீடுகள்; இரண்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த்தொட்டி; வீட்டுக்கொருத்தியாக இரண்டு சிறுமிகள்; அவர்களுக்குள் பேச்சில்லை. பதிப்பகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

“அப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டார் அத்தை.

“‘அவகிட்டயா குடுக்கப்போற? வந்த மாப்பிள்ளை எல்லாரையும் லென்ஸ் வெச்சுப் பார்த்து வேண்டாம்னு அனுப்பினவளாச்சே’ன்னு சிரிச்சார்.”

“உங்கப்பாவை மட்டும்தான் லென்ஸ் வெக்காமப் பாத்தேன். அது என் தப்பு.”

சிரித்தார்களே தவிர, இருவருக்கும் அது விளையாட்டில்லை. அவள் தன் அத்தையைத் தவிர வேறெவர் சொல்லையும் மதிக்கமாட்டாள். நன்றாயில்லை என்று அவர் சொன்னால் அந்தக் கதை அன்றோடு பெட்டிக்குள் போய்விடும். அது அவருக்கும் தெரியும். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை எழுதியதைத் தம் கண் நேராகப் பார்க்காது என்று அஞ்சி, அத்தை ஒரு முடிவு செய்தார். அந்த நாவலைத் தாம் படிப்பதில்லை. முன்பின் அறியாத ஒரு பிள்ளை முதல் பக்கத்தைப் படிக்கட்டும். அது சொல்லும் தீர்ப்பே தீர்ப்பு.

மறுநாள் ஒரு சிறுமி தன் தாயோடு வந்தாள். சட்டம் முழுவட்டமாக இருக்கவேண்டும் என்று அவளே தேர்ந்தெடுத்திருந்த கண்ணாடி தயாராக இருந்தது. அதை மாட்டிவிட்டு, அத்தை முதல் பக்கத்தை அவள் கையில் கொடுத்தார். சிறுமி படித்தாள். ஒவ்வொரு வரியிலும் நின்றாள், சொற்களை விட்டாள், போன வரிக்கே திரும்பி வந்தாள். பாதியில் தாளை மடியில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

“ஒரு மாதிரி இருக்கு” என்றாள்.

“புதுக்கண்ணாடி கொஞ்ச நாள் அப்படித்தாம்மா இருக்கும். பழகிடும்” என்றார் அத்தை. அவர் கவனம் கண்ணாடியில் இல்லை. தீர்ப்பு வந்துவிட்டதே என்பதில் இருந்தது.

மாலையில் தொலைபேசியில் அண்ணன் மகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“நான் படிக்கலை. ஒரு பிள்ளையைப் படிக்கவிட்டேன்.”

“எங்க தடுமாறினா?”

“எல்லா வரியிலயும்தான் கண்ணு.”

நாள்முழுதும் பிறர் குறைகளைக் கேட்டுப் பழகியவள், தன் குறையைக் கேட்டபோதும் குறுக்கே பேசவில்லை.

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துலயே ஓட்டம் வேணும் போல” என்றார் அத்தை. எந்த நாவலும் யாரோ ஒருவர் மூச்சிரைக்க ஓடுவதில்தான் தொடங்குகிறது என்று ஆண்டுக்கணக்காகச் சலித்துக்கொண்டவர் அவரே. சொன்னபிறகு நாக்கில் கசந்தது.

“சரி அத்தை. மாத்திடறேன்” என்று அவள் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் கடையில் ஒளிவளையங்கள் மிதந்தன. அத்தையின் கைகள் வில்லைகளைத் தேய்த்தன. மனம் மட்டும் எங்கோ நனைந்த துணிபோல் கனத்துத் தொங்கியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தெருவைப் பார்ப்பார். வண்டிகளும் மனிதர்களும் நிறத்திட்டுகளாகக் கரைந்து போய்வந்தார்கள். அந்த மங்கலில் எல்லாமே நல்லவையாகத் தெரிந்தன.

வியாழக்கிழமை பகலில் அந்தத் தாய் சிறுமியை அழைத்துக்கொண்டு மீண்டும் வந்தார்.

“கண்ணாடி போட்டதுலேர்ந்து கழுத்தைச் சாய்ச்சிக்கிட்டேதான் படிக்கிறா இவ. பக்கத்து வீட்ல ‘பாப்பாவுக்கு யார்மேல கோவம்’னு கேக்குறாங்க.”

“நேராப் பார்த்தா எழுத்துக்கெல்லாம் வால் முளைக்குது” என்றாள் சிறுமி. “சாய்ச்சுப் பார்த்தா வால் போயிடுது.”

அத்தை கண்ணாடியை வாங்கி, கைநீட்டிப் பிடித்து, அதன் வழியே சன்னல் கம்பியைப் பார்த்தார். வெளியே நேராக நின்ற கம்பி, வலது வில்லைக்குள் மட்டும் முறிந்து சாய்ந்து நின்றது.

சதுரச் சட்டத்தில் வில்லை அசையாது. முழுவட்டச் சட்டத்தில், வில்லை ஓர் இழை சிறிதாகத் தேய்ந்துவிட்டால், உள்ளேயே திரும்பிவிடும். ஒரு குறிப்பிட்ட சாய்வில் நிற்கவேண்டிய வில்லை அது. திரும்பினால் எழுத்துகள் இழுபடும். அதனால்தான் வட்டச் சட்டத்தில் பொருத்தியபின் கருவியில் வைத்து இன்னொருமுறை அளந்து பார்ப்பது அவர் வழக்கம். அன்று மட்டும் அளக்கவில்லை. அண்ணன் மகளின் முதல் பக்கத்தைக் கேட்கும் ஆவலில் கை முந்திவிட்டது.

“அன்னிக்கே ஏம்மா சொல்லலை?” என்றார் தளர்ந்த குரலில்.

“நீங்கதான் பழகிடும்னு சொன்னீங்க. அதான் பழகிட்டிருந்தேன்.”

தாயிடம் தம் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, புதிய வில்லை தேய்த்து மாலையில் தருவதாகச் சொல்லி அனுப்பினார். உடனே தொலைபேசியை எடுத்தார்.

“அனுப்பிட்டியா?”

“இல்லை, நாளைக்கு. அத்தை, வேலைல இருக்கேன். இன்னொரு லைன்ல ஒருத்தர் திட்டிக்கிட்டிருக்கார்.”

“அவர் திட்டட்டும். என்னையும் கொஞ்சம் சேர்த்துத் திட்டச் சொல்லு. சாயங்காலம் கடைக்கு வந்துடு. பழைய பக்கம், புதுப்பக்கம் ரெண்டும் வேணும்.”

அந்தி இறங்கும்போது அண்ணன் மகள் வந்தாள். மேலை வானத்தின் செம்மை ஆடிகளில் பரவி, கடை முழுவதும் மாதுளை முத்துக்குள் இருப்பதுபோல் சிவந்திருந்தது. அத்தை நடந்ததைச் சொன்னார். “தடுமாறினது உன் எழுத்து இல்லை. என் வில்லை.”

அவள் நம்பவில்லை. “எனக்காகச் சொல்றீங்க” என்றாள். பிழைதிருத்திய கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிறுமி வந்து அமர்ந்தபோதும், கைகளைக் கட்டியபடி கதவோரமே நின்றாள்.

முதலில் புதிய பக்கம். ஒருத்தி மாடிப்படியில் தாவித் தாவி ஓடினாள். பின்னால் யாரோ துரத்தினார்கள். சிறுமி கழுத்து நேராக, மூச்சுவிடாமல் படித்து முடித்து, “சூப்பரா இருக்கு” என்றாள்.

பிறகு பழைய பக்கம்.

“எல்லோரும் தூங்குகிறார்கள். மாடியில் தொட்டி நிரம்பிவிட்டது. தண்ணீர் வழிந்து இரண்டு வீட்டுச் சுவரிலும் இறங்குகிறது. நான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பாள். யார் முதலில் எழுந்து போய்க் குழாயை மூடுகிறாரோ அவர் தோற்றவர்.”

குரல் தடுமாறவில்லை. ஆனால் மெதுவாகிக்கொண்டே போனது. முடித்தபின் சிறுமி எந்தக் கருத்தும் சொல்லவில்லை. “எது புடிச்சிருக்கு?” என்று அவளுடைய அம்மா கேட்டதற்கு, “ஓடுறதுதான்” என்றாள். கடையை விட்டு இறங்கும்போது மட்டும் அவள் கேட்டது உள்ளே தெளிவாக விழுந்தது. “அம்மா, நம்ம மேல்வீட்டு அக்கா இப்ப முழிச்சிருப்பாங்களா, தூங்குவாங்களா?”

“இப்ப யாருடி தூங்குவா? விளக்குகூட வெக்கலை.”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

அண்ணன் மகள் கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள்.

“சொல்லுங்க அத்தை. எது?”

“என்னைக் கேக்காத. நான் படிக்கவே இல்லையே.”

“அப்ப படிங்க. பிள்ளையை வெச்சு இல்ல. நீங்க படிங்க.”

அத்தை தம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாள்கட்டை எடுத்தார். ஆடிகளில் செம்மை வடிந்து நீலமாயிற்று. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து மிதந்தன. படிப்பவருக்கோ பார்ப்பவளுக்கோ நேரம் தெரியவில்லை. தொட்டித் தண்ணீர் எங்கோ அருகில் வழிந்துகொண்டிருந்ததுபோல் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில் அவர் நிமிர்ந்தார்.

“ஓட்டம் எல்லாப் புத்தகத்துலயும் இருக்குடி. இந்தத் தண்ணி இங்க மட்டும்தான் வழியுது. பழசையே வை.” தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார். “ஆனா ரெண்டாவது அத்தியாயத்துல அந்த டீச்சர் பொறுமையைப் பத்தி ஒரு பக்கம் பேசறாங்க பாரு, அது உபதேசம். எடுத்துடு.”

அவள் கைப்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, கண்ணாடிப்பெட்டிகளை ஒதுக்கி மேசைமேல் வைத்தாள். சிறிது நேரம் தட்டினாள். “அனுப்பிட்டேன்” என்றாள்.

“அதுக்குள்ளயா? பழைய முதல் பக்கத்தோடயா?”

“பழைய பக்கத்தோடதான்.”

“டீச்சரை எடுத்தியா?”

“எடுக்கலை. எனக்கு அந்த டீச்சரைப் புடிச்சிருக்கு.”

அத்தை அவளைக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார், கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்தார். பிறகு, “பதிப்பகத்துக்காரன் எடுக்கச் சொல்லுவான்” என்று முணுமுணுத்தபடி, விட்ட இடத்தைத் தேடித் தாளில் விரலை ஓட்டினார்.

“சொல்லட்டும்” என்றாள் அவள். எழுந்து போய்க் கடையின் விளக்கைப் போட்டாள்.