காலி வண்டியில் கேட்கும் சத்தம்

கார் சத்தம் போடவில்லை என்று என்னிடம் சொன்ன ஐந்து பேரும் அதற்குள் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது.

எங்கள் ஊர் உத்தமபாளையம். கார், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு சின்ன ஹேட்ச்பேக். எங்களைப் பெற்ற அத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு அதை எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக விட்டுவிட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை அது அக்காவுடையது. ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். காலையில் ஏழு வயது மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் திரும்பும்போது வேறு மூன்று டீச்சர்களும் ஏறிக்கொள்வார்கள். சனி, ஞாயிறு கார் எனக்கு.

எனக்கு என்றால், ட்ராக்குக்கு. கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு ரேஸ் ட்ராக் இருக்கிறது. சில சனிக்கிழமைகளில் அதை எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடுவார்கள். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இருபது இருபது நிமிடமாக மூன்று சுற்று ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. எதிரில் மாட்டுவண்டி வராது, குறுக்கே ஆடு வராது, அவ்வளவுதான். கம்பம் பள்ளத்தாக்கில் கார் ஓட்டிப் பழகியவனுக்கு அதுவே சொர்க்கம். பல மாதம் காத்திருந்து அந்தச் சனிக்கிழமைக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது.

சத்தத்தை முதலில் கேட்டது அக்காதான். சாரல் ஆரம்பித்த சமயம். முன்பக்கம் இடதுபுறம் ஏதோ தட்டுகிறது என்றாள். எப்போது தட்டுகிறது என்றும் சொன்னாள். "காலையில நானும் பிள்ளையுமாப் போகையில தட்டுது. சாயங்காலம் டீச்சர்மார் ஏறுனா தட்டல."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? நான் மெக்கானிக்கல் படித்தவன். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு இயந்திரப் பாகங்கள் வரைந்து கொடுக்கிறவன். எடை ஏறினால் அடங்கி, எடை இறங்கினால் தட்டுகிறது என்றால் எங்கோ ஒரு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். "அப்பக் காலையிலயும் டீச்சர்மாரை ஏத்திக்கிட்டுப் போக்கா" என்றேன். அத்தாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ட்ராக்குக்குப் போக ஒரு வாரம் இருந்தபோது, எனக்கே அந்தத் தட்டல் கேட்டது. உடனே மெக்கானிக்கிடம் ஓடினேன். அக்காவுக்குக் கேட்டபோது ஓடாத கால்.

எங்கள் மெக்கானிக்கின் பிழைப்பு ஜீப். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப்புகளில் பாதி அவர் கை பட்டவை. காலி ஜீப் தகர டப்பா மாதிரி கடகடக்கும், பதினைந்து பேர் ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும். அதனால் எங்கள் பக்கத்தில் வண்டியைச் சோதிப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது: ஆளை ஏற்றிப் பார்ப்பது. ஆள் ஏறியும் சத்தம் வந்தால் வேலை இருக்கிறது. வராவிட்டால் வண்டி சுத்தம். அவர் அப்படித்தான் பார்ப்பார், அவரிடம் தொழில் பழகிப் போனவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்களை அவர் கைகாட்டிக் கூப்பிட்டார். டீக்கடைக்காரர், வாழைத்தார் ஏற்ற வந்திருந்த இரண்டு லோடுமேன்கள், பேப்பர் படிக்க வருகிற ரிட்டயர்டு தாசில்தார் ஆபீஸ் கிளார்க். அந்த நாலு பேரும் பின்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக் என் பக்கத்தில். அனுமந்தன்பட்டி வரை போய்த் திரும்பினோம். எல்லா வேகத்தடையிலும் ஏறி இறங்கினேன். பின்னால் சின்னமனூரில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பிரியாணியில் கறி கம்மியாக இருந்தது பற்றிப் பெரிய பஞ்சாயத்து நடந்தது. சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன்.

"எங்கன?" என்றார் கிளார்க்.

மெக்கானிக் என் தொடையில் தட்டினார். "பாத்தியா மாப்ள. வெறும் வண்டின்னா கடகடங்கத்தான் செய்யும். ஆளு ஏறுனா எல்லாம் தன்னால உக்காந்துக்கிரும்."

எனக்கு வேறு வழி தெரியாமலில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் போதும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் செலவழிக்கவில்லை. தூக்கிப் பார்த்து ஏதாவது தெரிந்துவிட்டால் சனிக்கிழமை போய்விடும். தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. ஐந்து ஆண்கள் சத்தமில்லை என்று சொன்னது எனக்குத் தோதாக இருந்தது.

சனிக்கிழமை காலை ட்ராக்கில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். காரை இலகுவாக்கினேன். பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, அக்கா டிக்கியில் வைத்திருந்த பிள்ளைகளின் கணக்கு நோட்டுக்கட்டு, எல்லாவற்றையும் இறக்கித் தார்ப்பாய் விரித்து அடுக்கினேன். எந்த எடை அந்தத் தேய்ந்த மூட்டை அமுக்கி வாயடைத்து வைத்திருந்ததோ, அதையெல்லாம் என் கையாலேயே எடுத்து வெளியே வைத்தேன். வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்ற ஃபாரத்தில் கையெழுத்தும் போட்டேன். படிக்காமல் போடவில்லை. படித்துத்தான் போட்டேன்.

முதல் சுற்றில் தட்டியது. இன்ஜின் சத்தத்தை ஏற்றி அதை மறைத்தேன். இரண்டாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதை முடிந்து பிரேக் அடித்தபோது கார் இடப்பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பியது. மூன்றாவது முறை அப்படி ஆனபோது வேகத்தைக் குறைத்தேன். மெதுவாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினேன்.

பக்கத்துக் காரை ஓட்ட வந்திருந்தவர் எர்ணாகுளத்துக்காரர். நான் வந்து நின்ற விதத்தைப் பார்த்தே ஜாக்கியோடு வந்துவிட்டார். இடது முன்சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். சக்கரம் ஆடுகிற பல்லைப் போல ஆடியது. அதைக் கீழே பிடித்திருப்பது பால் ஜாயின்ட். நம் தோள்மூட்டு மாதிரி கிண்ணத்துக்குள் குண்டு திரும்புகிற சின்ன இரும்பு மூட்டு. அந்தக் குண்டு கிண்ணத்திலிருந்து கழன்றால் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிவிடும்.

"மோனே, இதிலாணோ நீ ஓடிச்சது?" என்றார்.

மலையாளம் எனக்குப் புரியும்; இந்தக் காரையா ஓட்டினாய் என்று கேட்கிறார். புரியாத மாதிரி நின்றேன். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார், ஆனாலும் வந்தது. மூன்றாவது சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். மெதுவாக ஓட்டினால் என்ன என்று நினைத்தேன். இவ்வளவு பட்டும் நினைத்தேன். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டவும் செய்தேன்.

அப்போது போன் அடித்தது. அக்கா. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

திங்கட்கிழமை ஓவியப் போட்டிக்கு மூன்று பிள்ளைகளைத் தேனிக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஹெட்மாஸ்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். கார் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுமா என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். பிறகு கேட்டாள்.

"பைபாஸ்ல கொஞ்சம் வேகமாப் போகணும்டா, ஒம்பது மணிக்கெல்லாம் அங்கன நிக்கச் சொல்லிட்டாக. மெக்கானிக்ட்டக் காட்டினியே, அந்தத் தட்டுறது சரியாயிருச்சுல்ல?"

"ம்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அந்த 'ம்' என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. ஆடுகிற சக்கரம் கண் முன்னால் இருக்கிறது. அதை மூன்று மாதமாக என் அக்கா ஓட்டியிருக்கிறாள், பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. நானாவது ஹெல்மெட் போட்டிருந்தேன், சுற்றிலும் டயர் அடுக்கிய சுவர் இருந்தது, வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அவளுக்கு இருபக்கமும் புளியமரம்.

ஹெல்மெட்டைக் காருக்குள் எறிந்துவிட்டு, நானே போன் செய்தேன். பொய் சொன்னேன் என்றேன். சக்கரம் ஆடுகிறது என்றேன். இங்கேயே பால் ஜாயின்ட்டை மாற்றாமல் கொண்டுவர மாட்டேன் என்றேன்.

முழுவதையும் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு கத்தாமல் சொன்னாள். "நான் சொன்னப்பச் சிரிச்சேல்ல. இப்பச் சிரி."

காரை வேறொரு வண்டியில் ஏற்றி கோயம்புத்தூருக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஞாயிறு மதியம் வேலை முடிந்தது. கழற்றிய பழைய பால் ஜாயின்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊருக்குள் நுழைந்ததும் வீட்டுக்குப் போகாமல் மெக்கானிக் கடையில் நிறுத்தி, அதை அவர் மேஜையில் வைத்தேன். குண்டு கிண்ணத்துக்குள் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. டீக்கடைக்காரர் வந்து எடுத்துப் பார்த்தார். அவரிடமிருந்து கிளார்க் வாங்கிப் பார்த்தார்.

"ரேஸ்ல ஓட்டுனா எந்த வண்டிதான் தாங்கும்?" என்றார் மெக்கானிக்.

அது அங்கே தேயவில்லை, இங்கே தேய்ந்தது, என் அக்கா மூன்று மாதத்துக்கு முன்பே சொன்னாள் என்று கத்தினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வெளியே போய், எஸ்டேட் ஜீப் ஒன்றைச் சோதிக்க ஆட்களை ஏறச் சொன்னார். கிளார்க், அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் ஏறிக்கொண்டார்.

திங்கள் காலை அக்கா பள்ளிக்கூடப் புடவையோடு வாசலில் வந்து நின்றாள். "ஜாக்கி வையி" என்றாள். வைத்தேன். குனிந்து, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து முழு பலத்தோடு ஆட்டினாள். ஆடவில்லை. மற்ற மூன்றையும் தூக்கச் சொன்னாள். அத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவள் கையைக் கழுவிவிட்டு, பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினாள்.

தெருமுனை வேகத்தடையில் கார் ஏறி இறங்கும்வரை நான் தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.