அம்மா அடித்த நீலம்

ஆர்டிஸைப் பிடித்த சர்க்கரை வியாதி கடைசியில் கண்ணுக்கு வந்து நின்றது. அடுத்த கோடைவரை பார்வை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுது முடித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மா வீட்டிலிருந்து வந்த கிராமபோன் குழாயின் துருவைச் சுரண்டி, பழையபடி நீலம் அடித்து, உள்ளே மங்கிப்போன ரோஜாக்களின் மேல் மறுபடி வர்ணம் தீட்ட வேண்டும். கண் இருக்கும்போதே ஒருமுறை அதைப் பார்த்துவிட வேண்டும்.

கேட்டது புருஷனிடம்தான். வெர்னன் ஒஹாயோ சோளக்காட்டில் காலமெல்லாம் டிராக்டர் ஓட்டியவன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டபின் பழைய கிராமபோன் சேர்க்கிறவர்களின் சங்கத்தில் சேர்ந்து, புதிதாக மதம் மாறியவனைப் போல ஆகிவிட்டான். அந்த ஆட்களுக்குத் துரு பெரிதில்லை. கம்பெனி பூசிய வர்ணம் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதுதான் சாமி. அதன்மேல் பிரஷ் வைக்கிறவன் கொலைகாரன்.

"தொடவே கூடாது ஆர்டிஸ். கம்பெனில கையால வரைஞ்ச பூ அது."

"கம்பெனியும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. கோழிக்கொட்டாய்க்கு வாங்கின பெயிண்ட்ல எங்கம்மா அடிச்சது. பக்கத்துல நின்னு பாத்தவ நான்."

"அப்ப உனக்கு அஞ்சு வயசு. என்னத்தப் பாத்திருப்ப? ஜூலைல எங்க சங்கத்துக் கண்காட்சில இதுக்கு மொத பரிசு நீல ரிப்பன் நிச்சயம். பேசாம இரு."

அவள் கெஞ்சினாள். குளிர்காலம் முழுக்கக் கெஞ்சினாள். அவனோ வாரம் தவறாமல் மெல்லிய எண்ணெய் தடவி, துருவைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டான். பனி உருகும்போது அவள் பார்வையும் போய்விட்டது.

கண் இருட்டான பிறகு ஒருநாள் குழாயை மடியில் வைத்துத் தடவினாள். விரலில் ஏதோ தட்டியது. தடித்த பெயிண்ட், ஒரு இதழ், அடுத்த இதழ். அம்மா பிரஷை எங்கே அழுத்தினாள், எங்கே சலித்துப்போய் இழுத்துவிட்டாள் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்தது. ஒரு ரோஜாவில் பிரஷின் மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டே காய்ந்திருந்தது. ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"வெர்ன், பெயிண்ட் வேணாம். அப்படியே இருக்கட்டும். பூ கைக்குத் தெரியுது."

"பாத்தியா! கடைசில என் வழிக்கு வந்துட்ட."

கண்காட்சிக்கு அவளையும் கூட்டிப்போனான். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத் தட்டில் செர்ரிப்பழம் வைத்துச் சுட்ட அப்பம் தின்றபடி அவள் காத்திருந்தாள். நடுவர் கிளேட்டன் குழாயின் விளிம்பை நகத்தால் நிமிண்டும் சத்தம் கேட்டது.

"அடியில கறுப்பு தெரியுது வெர்ன். கம்பெனி அடிச்சது கறுப்பு. இந்த நீலம் எந்தக் கொட்டாயில மிச்சமானது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எங்கம்மா கோழிக்கொட்டாயில," என்றாள் ஆர்டிஸ் பெருமையாக. சிரிப்பு இரண்டு மடங்கானது. "இதுல காப்பாத்த ஒண்ணுமில்லப்பா, சுரண்டிப் போடு," என்றான் கிளேட்டன்.

அந்த வாரம் முழுக்கக் கொட்டகையில் ஏதோ இயந்திரம் இரைந்தது. புல்வெட்டியைச் சரிசெய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அவள் மடியில் குழாயை வைத்தான். புது பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறியது.

"இந்தா, நீ ஆசைப்பட்ட நீலம். போதுமா?"

அவள் விரல் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி சுற்றியது. எங்கும் வழவழப்பு.

"பூ எங்க வெர்ன்?"

"மிஷின்ல மணல் அடிச்சு மொத்தமா சுரண்டி எடுத்தாச்சு. இனிமே எவனும் சிரிக்க மாட்டான்."

"நான்தான் வேணாம்னு சொன்னேனே."

"குளிர்காலம் பூரா அடி அடின்னு உயிர எடுத்ததும் நீதான?"

அந்த ஒற்றை மயிராவது எங்காவது தட்டுப்படுமா என்று அவள் விரல் தேடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த வெர்னன் குழாயைப் பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

"சும்மா தடவாத. இன்னும் காயல, கைரேகை விழுந்துரும்."