ஏர்ன்ஸ்ட் அண்ணனுக்கு வெட்டிய மீன்

வெனிலா வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கேக்கோ ஐஸ்கிரீமோ நினைவுக்கு வரும். எனக்கு வருவது ஒரு கறுப்பு வாளியின் நினைவு. சோளமாவும் ரொட்டித்தூளும் வெனிலாச் சீனியும் கலந்து, மீனுக்குப் போடவென்று ஏர்ன்ஸ்ட் வைத்திருந்த வாளி அது. அதை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, அவருடைய பழைய காரின் பின் இருக்கையில் நான் இருந்தேன். மீனுக்கு வெனிலா பிடிக்குமா என்று கேட்டேன். நன்றாகப் பிடிக்கும் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அன்று முழுவதும் எனக்கு விளங்காமல் போன விடயங்களில் அது முதலாவது.

தொண்ணூறுகளின் நடுவில், சுவிஸின் பீல் நகரத்தில் நாங்கள் இருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது. கைக்கடிகாரக் கூடுகளுக்கு மெருகு போடும் தொழிற்சாலை ஒன்றில் அப்பாவுக்கு வேலை. பக்கத்து மேசையில் ஏர்ன்ஸ்ட். காலை ஒன்பது மணிக்கு விடும் இடைவேளையை அங்கே "ஸ்னூனி" என்பார்கள். அந்த நேரத்தில் ஆட்கள் தங்கள் தங்கள் மொழிக்காரரோடு கூடி இருந்துவிடுவார்களாம். அப்பாவுக்கு அங்கே மொழிக்காரர் யாரும் இல்லை. ஏர்ன்ஸ்ட் மட்டும் தன் பாண் துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து உட்காருவார். அப்பாவின் ஜெர்மன் வேலைக்குப் போதும், கதைக்கப் போதாது. ஆனாலும் கையாலும் காலாலும் கதைத்து, மட்டக்களப்பு வாவியையும் அதில் தோணி விட்ட தன் இளவயதையும் அப்பா அவருக்குச் சொல்லி முடித்துவிட்டார். வீட்டில் அவரை "ஏர்ன்ஸ்ட் அண்ணன்" என்றுதான் சொல்லுவார். தன்னைவிட இருபது வயது மூத்த ஒருவரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட அப்பாவுக்கு வாய் வராது.

ஊருக்கு வெளியே சோள வயல்களுக்கு நடுவே, காசு கட்டி மீன் பிடிக்கும் குளங்கள் இருந்தன. கோடை தொடங்கியதும் அங்கே ஒரு போட்டி நடக்கும்: இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து பிடிக்க வேண்டும், இருவருடைய மீனையும் சேர்த்து நிறுப்பார்கள். ஏர்ன்ஸ்ட் வருடா வருடம் தன் மைத்துனரோடு போகிறவர். அந்த முறை மைத்துனருக்குக் கால் முறிந்துவிட்டது. அப்பாவைக் கேட்டார். அப்பா எங்களிடம் அதைச் சொன்ன விதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று, "என்னை வரச் சொல்லிக் கேட்டவர்" என்றார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு வேலைக்கும் அலுவலகங்களுக்கும் அல்லாமல், இன்னாரோடு போக ஆசை என்று அப்பாவை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த அழைப்பு அடுத்த வருடமும் வர வேண்டும் என்பதே அப்பாவின் ஒரே கவலை. வெல்வதும் தோற்பதும் அவருக்குப் பெரிதல்ல, ஏர்ன்ஸ்ட் அண்ணனின் முகம் கோணக் கூடாது, அவ்வளவுதான். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போனார். அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் சம்பளமில்லாத அந்த உத்தியோகம் இருந்தது.

அம்மா முதல்நாள் இரவே தேங்காயும் கொச்சிக்காயும் அரைத்து வைத்துவிட்டு, கீழ்மாடியில் இருந்த தமிழ்க் குடும்பத்தையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். "வெறுங்கையோட வந்திடாதீங்க, ஆக்களுக்குச் சொல்லிட்டன்" என்று அப்பாவிடம் சொல்லி, ஒரு பையில் கத்தி, மஞ்சள்தூள், உப்பு, பழைய பேப்பர் எல்லாம் போட்டுத் தந்தார். அப்பா தன் பங்குக்குக் கோதுமைமாவை வறுத்துத் தேங்காய்ப்பூவும் வெந்தயத்தூளும் சேர்த்து இறுக்கிப் பிசைந்த உருண்டை ஒன்றைக் கொண்டுவந்தார். காருக்குள் வெனிலாவும் வெந்தயமும் சண்டை பிடித்தன. ஏர்ன்ஸ்ட் உருண்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

குளம் சதுரமாக, மண்வெட்டியால் ஓரம் வழித்த மாதிரி இருந்தது. கரை முழுக்க நம்பர் அடித்த கம்புகள். ஒவ்வொரு கம்புக்கும் ஒரு மடக்குக் கதிரை, ஒரு ஆள். பிடித்த மீனை உயிரோடு போட்டு வைக்க, நீளப் பை போன்ற வலை ஒன்று தண்ணீருக்குள் தொங்கியது. குளத்துக்காரர் சிவத்த முகமும் பெரிய வயிறுமாக முன்னால் வந்து, சுவிஸ் ஜெர்மனில் கடகடவென்று விதிகளைச் சொன்னார். நான் பிடித்த மட்டும் பிடித்து, "நிறுத்த பிறகு மீனை எல்லாம் திரும்பத் தண்ணியில விடோணுமாம், அப்பா" என்றேன். அப்பா சிரித்தார். "சின்னதைச் சொல்லுறார், மகள். ஊரிலயும் அப்பிடித்தான், குஞ்சைப் பிடிச்சா விட்டிடுவம்" என்றார். எனக்கு அவர் சொன்னது சரியாகப் பட்டது. விடிய எழும்பி, காசு கட்டி, வெயிலில் காய்ந்து மீனைப் பிடித்து, அதை நிறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் போடுகிற பைத்தியம் உலகத்தில் இருக்கும் என்று பத்து வயதில் எப்படி நம்புவது? சொல் எல்லாம் விளங்கியது, விடயம் விளங்கவில்லை.

முதலில் யாருக்கும் ஒன்றும் படவில்லை. பிறகு அப்பா தன் உருண்டையில் கிள்ளிக் கிள்ளித் தூண்டிலில் கொளுவத் தொடங்கினார். ஏர்ன்ஸ்ட் தந்த தூண்டிலை ஒரு கையில் பிடித்தபடி, மறுகையின் விரலால் நூலைத் தொட்டுக்கொண்டிருப்பார்; தக்கை அசையும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். வலை கனக்கத் தொடங்கியது. ஏர்ன்ஸ்ட் தன் புழுக்களை ஓரமாக வைத்துவிட்டு வந்து கை நீட்டினார். அப்பா உருண்டையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். மற்றக் கம்புகளில் இருந்தவர்கள் எழும்பி எழும்பிப் பார்த்தார்கள். சந்தோசத்தில் ஏர்ன்ஸ்டின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தான் போய்க் கோப்பி வாங்கிவருவதாகவும் எனக்குக் கொக்கோ என்றும் சொல்லிவிட்டு, குளத்தின் மறுபக்கம் இருந்த கொட்டிலுக்கு நடந்தார்.

அவர் போன பிறகுதான் அந்தப் பெரிய கெண்டை பட்டது. அப்பாவும் நானும் சேர்ந்து அதைக் கரையேற்றியபோது, என் கை நீளத்துக்கு மேல் இருந்தது. அதை வலைக்குள் போடாமல், அப்பா அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு கரையோர மரங்களுக்குப் பின்னால் இருந்த சரிவுக்குப் போனார்.

அப்பா செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய ஊர்ப் பக்கத்தில், ஒருவர் தன் தோணியில் உங்களை ஏற்றிக்கொண்டு போனால், அன்றைக்குப் படுகிற நல்ல மீன் அவருடைய வீட்டுக்கு. கொடுப்பதையும் முழு மீனாகக் கொடுக்கக் கூடாது. முழு மீனைக் கொடுத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை வைத்ததாகிவிடும். செதில் சீவி, குடல் எடுத்து, கழுவி, சட்டியில் போடலாம் என்ற நிலையில் கொடுக்க வேண்டும். தூண்டில், கதிரை, கார் எல்லாம் ஏர்ன்ஸ்டுடையவை. அப்பாவின் கணக்கில் அன்று நாங்கள் ஏறியது அவருடைய தோணி. ஆகவே அப்பா கல்லால் ஒரு போடு போட்டு, செதில் பறக்கச் சீவி, வயிற்றைக் கீறி, அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே கழுவி, உப்பும் மஞ்சளும் பூசினார். திரும்ப விடச் சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஆனால் மீனைப் பற்றி அப்பாவுக்கு நான் சொல்வதா என்று பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏர்ன்ஸ்ட் மூன்று குவளைகளோடு வந்தார். அப்பா பேப்பர் விரித்து அதன் மேல் வைத்த மீனை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டி, தன் ஜெர்மனில், "உங்கள் மனைவிக்கு" என்றார். மீன் மஞ்சளாக மின்னியது. ஏர்ன்ஸ்ட் மீனைப் பார்த்தார், புல்லில் கிடந்த செதில்களைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். குவளைகளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

அதற்குள் குளத்துக்காரர் வந்துவிட்டார், பின்னாலேயே பக்கத்துக் கம்புக்காரரும். அங்கே ஆட்கள் காசு கட்டி வருவதே அப்படியான நாலைந்து பெரிய மீன்களுக்காகத்தான் என்பது, குளத்துக்காரர் கத்தியதில் இருந்து எனக்கு விளங்கியது. யார் இதைச் செய்தது என்று கேட்டார். அப்பாவின் கை முழுக்க மஞ்சள்; கேட்கவே தேவையில்லை. ஆனால் ஏர்ன்ஸ்ட், "நான்தான் வெட்டச் சொன்னேன். அவர் நான் சொன்னதைச் செய்தார்" என்றார். இத்தனை வருடமாக வருகிறாயே, உனக்கு விதி தெரியாதா என்று குளத்துக்காரர் கேட்டார். "தெரியும்" என்றார் ஏர்ன்ஸ்ட். அப்படியென்றால் இனி நீ இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார்.

"என்ன மகள் கதைக்கிறாங்க?" என்று அப்பா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏர்ன்ஸ்ட் குனிந்து, பள்ளிக்கூட ஜெர்மனில், ஒவ்வொரு சொல்லாக எனக்கு விளங்கும்படி சொன்னார்: "மீன் மிகவும் பெரிது என்று சொல்கிறார்கள் என்று சொல்லு. மிச்சம் அப்பாவுக்கு வேண்டாம்." நான் அப்படியே சொன்னேன். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். பொய் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் எனக்கு இரண்டு மொழியிலும் சொல்லித் தந்திருந்தார்கள். இப்போது ஒரு பெரியவர் பொய் சொல்லச் சொல்ல, இன்னொருவர் அதை நம்பித் தலையாட்ட, நடுவில் நின்று எனக்குத் தலை சுற்றியது.

போட்டி முடிய விசில் ஊதினார்கள். கரையைச் சுற்றித் தராசு வந்தது, எங்கள் கம்பில் மட்டும் நிற்காமல் தாண்டிப் போனது. ஏர்ன்ஸ்ட் எங்கள் வலையைத் தானே தூக்கித் தண்ணீருக்குள் கொட்டினார். மற்றவர்களும் கறிக்கு அளவான, கொழுத்த மீன்களை நிறுத்துவிட்டுக் கொட்டினார்கள். அப்பா வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இவங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று என்னைக் கேட்டார். "எனக்குத் தெரியா" என்றேன். அது முழு உண்மை. வீடு வந்து சேருவதற்குள் அப்பா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: "குடலை எடுத்ததால நிறை குறைஞ்சு போச்சு. வெட்டின மீனைச் சேர்க்கமாட்டாங்களாம்போல. வெல்ல இருந்த மனுசனை நான்தான் தோக்க வச்சிட்டன்." அன்று இரவு கீழ்மாடிக்காரருக்கு அரைத்து வைத்த குழம்பில் அவித்த முட்டை மிதந்தது. அம்மா அதையும் அப்பாவின் தட்டில் கடைசியாகத்தான் போட்டார்.

திங்கட்கிழமை ஏர்ன்ஸ்ட் வழமைபோல வந்து உட்கார்ந்தாராம். மனைவி மீனைப் பொரித்தார், நன்றாக இருந்தது என்றாராம். ஆனால் அடுத்த கோடை வந்தது, அழைப்பு வரவில்லை. அப்பா நிறப்பூச்சு மணம் போகாத புதுத் தூண்டில் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, நேரே கேட்கக் கூச்சப்பட்டு, ஏர்ன்ஸ்டுக்குப் போன் எடுத்துக் கேட்கச் சொல்லி என்னை நச்சரித்தார். கேட்டேன். தோள் நோகிறது, இனி மீனுக்குப் போவதில்லை என்றார் ஏர்ன்ஸ்ட். "தோள் நோகுதெண்டவர் நெடுக சைக்கிள்லதானே வாறார்" என்று அப்பா முணுமுணுத்தார். மிச்சம் அப்பாவுக்கு வேண்டாம் என்று ஏர்ன்ஸ்ட் சொல்லியிருந்ததால், குளத்துக்காரர் அவரை வரவேண்டாம் என்றதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. பிறகு தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள், ஏர்ன்ஸ்ட் வேலையை விட்டுப்போய்க் கொஞ்ச நாளில் மார்படைத்துச் செத்துப்போனார். கூட வேலை செய்த ஒருவர் செத்தவீட்டு நாளைச் சொன்னார். அப்பா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர், கழற்றிக் கட்டிலில் போட்டார். "கூப்பிடாத இடத்துக்குப் போய் என்னத்தைக் கதைக்கிற?" என்றார்.

இப்போது என் மகளுக்கு மீன்பிடி ஆசை. அதற்கு இந்த நாட்டில் வகுப்புக்குப் போக வேண்டும். நானும் துணைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். சட்டம் மாறிவிட்டது, திரும்ப விடுகிற நோக்கத்தோடு மீன் பிடிப்பது இப்போது குற்றம், சாப்பிடக்கூடிய மீனைப் பிடித்தால் அந்த இடத்திலேயே கொல்ல வேண்டும் என்று படிப்பித்தவர் சொன்னார். எப்படி என்று ஒரு மீனின் தலையில் ஒரு போடு போட்டும் காட்டினார், அப்பா போட்டது போலவே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியென்றால் அன்றைக்கு யாருக்கு விதி தெரிந்திருந்தது? ஏர்ன்ஸ்ட் எதற்காக அந்தப் பழியை ஏற்றார், நான் எதற்காக வாயை மூடினேன்?

அன்று மாலையே அப்பாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் மாறியதைச் சொன்னபோது அவர் கேட்டதாகவே தெரியவில்லை. குளத்துக்காரரைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப ஏர்ன்ஸ்ட் அண்ணனுக்கு என்னில கோவம் இல்லையோ?" என்றார். இல்லை அப்பா என்றேன். "அவர் வரமாட்டன் எண்டது என்னாலதான், ஆனா என்னை வேண்டாமெண்டு இல்லை" என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். வழியில் அந்தக் குளங்கள் இருந்த இடத்தைத் தேடினேன். தூர்த்துவிட்டு லாரிகள் நிற்கும் முற்றமாக்கியிருந்தார்கள். தொழிற்சாலையில் இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். மயானத்தில் பெயர் சொல்லிக் கேட்டபோது, அங்கே வேலை செய்யும் பெண் புத்தகம் பார்த்துவிட்டு, அந்த வரிசையின் காலம் முடிந்துவிட்டது, கற்களை எடுத்துவிட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார். இந்த நாட்டில் செத்தவர்களுக்கும் தவணை உண்டு என்பதை அப்பா அன்றுதான் அறிந்தார். அந்தப் பெண் கையால் காட்டிய பக்கத்தில் சீராக வெட்டிய புல்வெளி ஒன்று மட்டும் இருந்தது. எந்த இடம் என்று திட்டமாகச் சொல்ல முடியாது, இதற்குள் எங்கோதான் என்றார்.

அப்பா புல்லின் ஓரத்தில் நின்றார். வெளியே போகும் வாசல் நேர் எதிரே தெரிந்தது, புல்லைக் குறுக்கே கடந்தால் ஒரு நிமிட நடை. மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் அதன் மேல் கால் வைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எவடத்தில கிடக்கிறாரோ தெரியாது, மகள்" என்றார். அப்பாவின் முழங்கால் நோவோடு, நனைந்து நனைந்து, அந்தப் புல்வெளியைச் சுற்றித்தான் நடந்து வந்தோம்.