முழுப்பேர்

மூடிய புத்தகத்துக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டுதான் இன்னாசி பேசுவார். விரல் இருக்கும் பக்கம் அன்றைய சுவிசேஷம். விரல் மரத்துப்போனால் பேச்சு முடிந்துவிடும். வஹகோட்டைப் பக்கமிருந்து சாமியார் மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். இப்போது அவர் பூசையைத் தமிழிலேயே வைக்கிறார் என்பதில் இன்னாசிக்குப் பெரிய சந்தோஷம். மற்ற ஞாயிறுகளில் இந்த றப்பர்த் தோட்டத்துக் கோயிலில் வாசகம் வாசித்து நாலு வார்த்தை சொல்லும் உபதேசியார் இவர்தான். வார நாட்களில் பால் வெட்டுகிறார். கழுவியும் போகாத றப்பர்ப் பாலின் புளித்த வாடையோடு பீடத்துக்குக் கீழே நிற்பார்; படி ஏறமாட்டார்.

அவர் சொல்வது ஆழமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேதத்தில் உள்ள எதுவும் அவர் வாயில் தூரதேசத்துச் சங்கதியாக இருப்பதில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். மழை வந்து பாதியில் நின்றால் அரைப்பேர். திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் உவமை வந்த ஞாயிறன்று இன்னாசி சொன்னார்:

"அந்தி அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் தொர முழுப்பேர் போட்டாரு. கணக்கப்புள்ள மொறச்சிருப்பான். ஆனாலும் போட்டாரு."

"அப்ப விடியவே மலைக்கு ஏறுனவன் கேனயனா, உபதேசியாரே?" பின்வரிசையிலிருந்து சூசை கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தார். "அது எனக்கும் இன்னும் ஆறலப்பா."

பேசும்போது அவர் முகம் வாசல் பக்கமே திரும்பியிருக்கும். வாசற்படியில் அவர் மனைவி காத்தாயி உட்கார்ந்திருப்பாள். ஞானஸ்நானம் பெறாதவள், சாமியாரிடம் அனுமதி வாங்கிச் செய்த கலியாணம். கோயிலைக் கூட்டுவதும் பூ வைப்பதும் அவள்தான். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு அவள் போனால் தேங்காய்த் தட்டை இவர் சுமப்பார். அந்தோனியார் திருநாளுக்கு வஹகோட்டைக்கு இவர் நடந்தால் மெழுகுதிரிக் கட்டு அவள் கையில் இருக்கும்.

இப்போது வாசற்படி காலியாக இருக்கிறது. காத்தாயிக்கு நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் "வீட்லயே வச்சுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்னாசிக்குச் சாவு பயமில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் போனால் தான் போகிற இடத்துக்கு அவள் வரமாட்டாள் என்று சின்ன வயதில் படித்ததை அவர் அப்படியே நம்புகிறார். சாகக் கிடப்பவர்களின் தலையில் உபதேசியாரே தண்ணீர் ஊற்றி மந்திரத்தைச் சொல்லலாம்; ஞானஸ்நானம் ஆகிவிடும். லயத்து வீடுகளில் பிழைக்காத எத்தனையோ சிசுக்களுக்கு ஊற்றியிருக்கிறார்.

அவளிடம் பல தடவை கேட்டுவிட்டார். நான் பார்க்கப் போயிருந்த அன்றும் கேட்டார்.

"இந்தா புள்ள, கடைசி நேரத்துல வந்தாலும் முழுப்பேருதான். ஞானஸ்நானப் பேரு ஒண்ணு வச்சுக்க. கத்தரீனம்மான்னு வைப்பம்."

"எனக்குத்தான் பேரு இருக்கே." மூச்சு வாங்கியபடியே சிரித்தாள். "அங்கன எங்காத்தா காத்தாயின்னு கூப்புடுவா. நான் கத்தரீனா இருந்தா திரும்பிப் பாப்பேனா? கத்தரிக்கான்னு நெனச்சு நறுக்கிப்புடுவா."

"வெளையாடாத புள்ள. ஒன்ன விட்டுட்டு நான் அங்கன தனியா இருக்கணுமே."

அவள் சிரிப்பு நின்றது. "வாசப்படியில ஒக்காந்து பழகிட்டேன். அங்கயும் ஒக்காந்துக்கிறேன். நீங்க உள்ளுக்குள்ள இருந்து பேசுங்க, கேக்கும்." பிறகு சொன்னாள்: "என்னயக் கேக்காம மட்டும் ஊத்திப்புடாதீங்க."

அவள் கண்ணயர்ந்ததும் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் சுந்தரம்மா அவரை வெளியே கூப்பிட்டாள். "தூங்குறப்ப ஊத்திப்புடுங்க, உபதேசியாரே. அதுக்குத் தெரியவா போவுது? நாளைக்கு நீங்கதான் அழுவீங்க."

உள்ளே காத்தாயி முனகினாள், தண்ணீர் கேட்டு. இன்னாசி போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். தலைமாட்டிலிருந்தபடியே தகரக் கோப்பையைச் சாய்த்தார். வாய்க்குப் போகவேண்டிய தண்ணீரில் கொஞ்சம் நெற்றியில் சிந்தி முடிக்குள் இறங்கியது. அவள் கண் திறக்கவில்லை. வாசலில் சுந்தரம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மந்திரத்தைச் சொல்ல இன்னாசியின் உதடுகள் பிரிந்தன. பிறகு கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்து அந்த நெற்றியை, மயிர்க்கால் வரைக்கும், ஈரமில்லாமல் துடைத்தார்.